நவாலிக் கூழும் நம் வட்டையும்

யாழ்ப்பாணத்துப் புலவர் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கூழைப் பற்றி எழுதிய பாட்டைக் கிழக்கிலங்கைப் பிள்ளைகள் ஏன் பாட வேண்டும்? கல்முனைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் வாசிகசாலையில் ஆடி மாதச் சிறுவர் நிகழ்ச்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது எழுந்த கேள்வி இது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் "ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை" என்ற பாட்டைச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டு பாடுவிக்கலாம் என்று நான் சொன்னேன். கேள்வி கேட்டவர் இளைப்பாறிய தமிழாசிரியர். தாழ்ந்த பாலமான கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்கிற மாரியிலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாவிதன்வெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் படிப்பித்தவர். அவர் ஒன்றைச் சொன்னால் இலேசாகத் தள்ளிவிட முடியாது. "தங்கச்சி, நம்முடைய பிள்ளைக்கு ஆடி என்றால் திருக்கோவில் தீர்த்தம், மாமாங்கத் தீர்த்தம். கதிர்காமத்துக்கு நடந்து போகிற சனம். நம்முடைய ஆடியில் கூழ் எங்கே இருக்கிறது? பனங்கட்டியை நாம் கடையில் அல்லவா வாங்குகிறோம்?" என்றார். கூட்டத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பாட்டை வைப்பதா எடுப்பதா என்பது முடிவாகாமலே பேச்சு கதிரை, ஒலிபெருக்கி என்று வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி ஆறவே இல்லை.

அவர் சொன்னதில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனியும் ஆடியும் கூடுகிற நாட்களில் இங்கே கச்சான் காற்று அனலாய் வீசும். வேல் தாங்கிய யாத்திரைக் கூட்டங்கள் காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் என்று ஊர் ஊராகத் தங்கி, உகந்தை முருகனைக் கும்பிட்டு, அங்கிருந்து குமணக் காட்டுக்குள் இறங்கும். வீதியோரத்து வீடுகளில் அவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுப்பார்கள். பிள்ளைகள் படலைக்கு வெளியே நின்று அரோகரா சொல்வார்கள். ஆடி அமாவாசையன்று தகப்பனை இழந்தவர்கள் திருக்கோவில் கடலிலும் அமிர்தகழியில் மாமாங்கக் குளத்திலும் மூழ்கி எழுவார்கள். திருவிழாக் கடையில் அம்மம்மாக் குழல் வாங்கித் தரும்படி சிறியவர்கள் அடம்பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் ஆடி முதலாம் நாள் அம்மா கொழுக்கட்டை அவிப்பதுண்டு, கூழ் காய்ச்சியதில்லை. பாட்டு யாழ்ப்பாணத்து நவாலியில் பிறந்தது, பாடப்புத்தகம் கொழும்பில் அச்சாகிறது, பிள்ளை நாவிதன்வெளியில் இருந்து படிக்கிறது. இந்தத் தூரத்தைத்தான் ஆசிரியர் சுட்டிக்காட்டினார்.

சொல்லிக் கொடுக்காத பாட்டு

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1878இல் பிறந்து 1953இல் மறைந்தவர். வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். தங்கத் தாத்தா என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டதால், வெள்ளைத் தாடியோடு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாட்டுக் கட்டிய ஒருவராகவே பலரும் அவரை நினைக்கிறார்கள். அவர் எழுதியவற்றில் பெரும்பங்கு அப்படிப்பட்டது அல்ல. நாமகள் புகழ்மாலை, அட்டகிரிப் பதிகம் என்று மரபு வழுவாத பக்திப் பாடல்களைப் பாடியவர். பனைமரத்தைப் போற்றித் தாலவிலாசம் பாடினார், நாட்டைப் போற்றி இலங்கை வளம் பாடினார், உயிரிளங்குமரன் என்று நாடகம் எழுதினார். கதிர்காமத்தைப் பற்றி அவர் பாடியது சிலேடை வெண்பா. ஒரே தொடரில் இரண்டு பொருளை வைத்து, வெண்பாவின் தளையும் தட்டாமல் ஒரு நூல் முழுவதும் நடத்திக்கொண்டு போவது பண்டிதர்களுக்கே மூச்சு வாங்குகிற வேலை. கதிர்காமத்துக்கு நடக்கிற சனத்தை நினைவூட்டிய எங்கள் ஆசிரியருக்கு இந்தச் செய்தி புதிதல்ல. அவர் கேட்டது பெரியவர்களுக்கான பாட்டைப் பற்றியும் அல்ல.

சிலேடை வெண்பா பாடத் தெரிந்த ஒரு மனிதர் கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளியைப் பார்த்து நின்று, அதற்கு ஒரு பாட்டு எழுதியிருக்கிறாரே, இதுதான் என்னை ஆச்சரியப்பட வைப்பது. அந்தக் காலத்தில் ஒரு புலவருக்குப் பேர் வாங்கித் தருகிற காரியம் அல்ல இது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை மனனம் செய்தது ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி. பிறகு ஆறுமுக நாவலரின் பாலபாடம் வந்தது. எல்லாம் அருமையானவை, எல்லாம் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்துச் சொல்பவை. 1915இல் பாரதியார் பாப்பாவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். குரல் முழுக்கப் பாசம். ஆனாலும் ஓடி விளையாடு, ஓய்ந்திருக்கலாகாது, பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கிற கடமையை அவரும் விடவில்லை. நவாலிப் பாட்டைத் திரும்ப ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். யார் பேசுகிறார்கள் அதில்? ஒரு பிள்ளை பேசுகிறது. யாரிடம்? தோழர்களிடம். பெரியவர் ஒருவருடைய குரல்கூட அதற்குள் நுழையவில்லை. புத்தி சொல்லும் ஒரு வரிகூட இல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, கூழ் இருக்கிறது, வாருங்கள் என்பதுதான் விஷயம். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்ற ஓர் ஆசிரியர், பள்ளிக்கூடம் இல்லாத நாளின் சந்தோஷத்தைப் பிள்ளையின் பக்கத்தில் நின்று எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

இவ்வளவையும் யோசித்த பிறகும், இது புலவரைப் போற்றுவதற்கு உதவுமே தவிர எங்கள் ஆசிரியருக்குப் பதிலாகாது என்று தெரிந்தது. நல்ல பாட்டு என்பது வேறு, நம் பிள்ளைக்கு ஒட்டும் பாட்டு என்பது வேறு என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

அகப்பையும் கஞ்சியும்

வாசிகசாலையில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிப்பது வழக்கம். எங்கள் ஊரும் பக்கத்து முஸ்லிம் ஊரும் ஒரு குறுக்கு வீதியால்தான் பிரிந்திருக்கின்றன. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள். நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து பாட்டி வீட்டில் தங்கிப் படிக்க வந்த ஒரு பையனும் வருவான். அந்தச் சனிக்கிழமை பாட்டு முழுவதையும் பலகையில் எழுதினேன். யார் எழுதியது, எந்த ஊர்ப் பாட்டு என்று எதுவும் சொல்லவில்லை. ஒரு குட்டான் பனங்கட்டி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஓலையால் பின்னிய அந்தச் சிறு பெட்டியைப் பிள்ளைகள் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒருத்தி மணந்து பார்த்துவிட்டு, "புகை மணக்கிறது டீச்சர்" என்றாள். பிறகு ஆளுக்கு ஒரு கண்ணியாக வாசிக்கத் தொடங்கினார்கள்.

பெரியவர்களாகிய நாம் முதல் வரியையும் கூழையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதை மறந்துவிடுகிறோம். நடுவில் இருப்பது முழுக்க வேலை. பாசிப்பயறு வறுத்துக் குற்ற வேண்டும். பச்சரிசி இடித்துத் தெள்ள வேண்டும். மாவைப் பதமாய் வறுக்க வேண்டும். தேங்காய் உடைத்துத் துருவ வேண்டும். மாவைக் குழைத்துத் திரட்டிக் கொழுக்கட்டை பிடிக்க வேண்டும். தேங்காய்ப் பால் பிழிந்து, பனங்கட்டி போட்டு, மாவுருண்டையும் பயறும் இட்டு, கரைத்த மாவை வார்த்துத் துழாவ வேண்டும். அதற்குப் பிறகாவது குடிக்கலாமா என்றால் அதுவும் இல்லை. குத்துவிளக்கு ஏற்ற வேண்டும், இளநீரும் பழமும் பாக்கும் வெற்றிலையும் வைத்துப் படைக்க வேண்டும். முதல் கண்ணியிலேயே கூழ் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, புலவர் பிள்ளையைக் கடைசி வரை காக்க வைக்கிறார். வாசித்துக்கொண்டு போன பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கண்ணியிலும் வாயூறியதை நான் கண்ணால் பார்த்தேன். பிட்டுக்கு மா இடிப்பதையும் தேங்காய்ப்பூ துருவுவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் ஒன்றும் அந்நியமாக இல்லை.

பலாவிலைக் கண்ணி வந்தது. பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி வந்து மடித்துக் கோலிக்கொள்ள, அன்னை அகப்பையால் அள்ளி அள்ளி வார்ப்பாள் என்கிற இடம். பாட்டில் பிள்ளைகளுக்கென்று விட்ட வேலை இது ஒன்றுதான். நாவிதன்வெளிப் பையன் எழுந்து வெளியே போனான். வாசிகசாலை வளவில் பலாமரம் நிற்கிறது. ஒரு இலையைக் கொண்டுவந்து, காம்புப் பக்கத்தைக் குறுக்காக மடித்து, விளக்குமாற்றில் முறித்த ஈர்க்கை ஒரு பக்கத்தால் விட்டு மறுபக்கத்தால் எடுத்து, ஒரு நொடியில் கோலிக் காட்டினான். வைகாசிச் சடங்கில் அம்மன் கோயிலில் பாட்டி இப்படித்தான் புக்கை, அதாவது பொங்கல், வாங்கித் தருவாராம். ஈர்க்குக் குத்திய இடத்தால் ஒழுகாதா என்று ஒருவன் கேட்க, பழுத்த இலை என்றால் கிழியும், முற்றிய பச்சை இலை என்றால் ஒழுகாது என்று பெரிய மனிதனைப் போல விளக்கம் சொன்னான். அடுத்த கொஞ்ச நேரத்துக்கு வாசிப்பு நின்றுவிட்டது. எல்லாருக்கும் இலை வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சின்னப் பெண் பேசினாள். பக்கத்து ஊரிலிருந்து வருகிறவள். மற்றவர்கள் இலை கோலிக்கொண்டிருக்க, அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், எங்கள் பள்ளிவாசலில் நோன்புக்கு இப்படித்தான் அள்ளி அள்ளி ஊற்றுவார்கள்" என்றாள். அசர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் வாளியும் பேணியும் கொண்டு வரிசையில் நிற்பதை, கிடாரத்திலிருந்து கஞ்சியை மொண்டு ஊற்றுகிற பெரியவர் தன் பேணிக்கு மட்டும் ஒரு அகப்பை கூட ஊற்றுவதை, கை சுடச்சுடப் பிடித்துக்கொண்டு சிந்தாமல் வீட்டுக்கு நடப்பதை அவள் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, பலகையில் இருந்த கண்ணியை வாசித்தாள். இவ்வளவு நேரம் மற்றவர்கள் வாசித்ததற்கும் அவள் வாசித்ததற்கும் வித்தியாசம் இருந்தது. அகப்பை என்ற இடத்தில் அவளுடைய கை தன்னை அறியாமல் அசைந்தது.

ஆடிப்பிறப்பு அவளுடைய பெருநாள் அல்ல. படைப்பதும் குத்துவிளக்கும் அவளுடைய வீட்டில் இல்லை. கூழும் கஞ்சியும் வேறு வேறு. ஆனாலும் அந்தப் பாட்டுக்குள் அவள் போய் நின்றதை நான் பார்த்தேன். எந்த வழியால் போனாள் என்று பல நாள் யோசித்தேன். புலவர் பொதுவாக, எந்த ஊருக்கும் பொருந்துகிறபடி, விழா நாளில் அம்மா இனிப்பாக ஏதோ தருவாள், அனைவரும் மகிழ்வோம் என்று எழுதியிருந்தால் அவள் போயிருக்க முடியாது. கை நுழைவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. நவாலியில் ஒரு அடுக்களையில் ஒரு தாய் அகப்பையைப் பிடித்த விதத்தை அவர் அப்படியே வைத்தபடியால்தான் இவள் தன்னுடைய பள்ளிவாசல் கிடாரத்தைக் கண்டாள். பையன் தன் பாட்டியின் புக்கையைக் கண்டான். பாட்டில் யாழ்ப்பாணம் அதிகமாக இருக்கிறது என்பதுதான் எங்கள் ஆசிரியரின் குறை. அது அவ்வளவு இருந்ததனால்தான் கல்முனைக்கு வந்து சேர்ந்தது என்று எனக்குப் படுகிறது.

கூலி வாங்காத சேவகன்

அடுத்த வாரம் வெருளிப் பாட்டை எடுத்தோம். கத்தரித் தோட்டத்து மத்தியில் நின்று காவல் புரிகிற சேவகன். தலையில் மஞ்சள் உறுமால், இறுக்கிக் கட்டிய சட்டை, கையில் அம்பும் வில்லும். கண் இமைப்பதில்லை, நித்திரை கொள்வதில்லை, கூலி வாங்குவதில்லை. கள்ளக் குணமுள்ள காகம் அவனைக் கண்டு கத்திக்கொண்டு ஓடும், நள்ளிரவில் வருகிற நரி நடுங்கும். சிரிக்கச் சிரிக்க வாசிக்கக்கூடிய பாட்டு. எனக்கு அதில் கூலி வாங்காமல் என்ற இடம் எப்போதும் தைக்கும். ஒரு காலத்தில் நிலச் சொந்தக்காரரான போடியாரின் வயலில் வேலையாளாக, முல்லைக்காரனாய் நின்று, கூலியை நெல்லாக வாங்கி, அதிலும் கடன் போக மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இராக் காவலில் வயல் குடிசையான வாடியில் படுத்திருந்தவர்களுக்கு நித்திரை கொள்ளாமை என்றால் என்னவென்று தெரியும். புலவர் அதை மனத்தில் வைத்தாரோ இல்லையோ, சேவகா என்று அவர் அந்த வெருளியைக் கூப்பிடுகிற தொனியில் பரிவு இருக்கிறது.

நாவிதன்வெளிப் பையன் இந்தப் பாட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. "இது யானைக்குப் பயன்படாது டீச்சர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. அவன் ஊரில் வெள்ளாமை குடலைப் பருவம் தாண்டினால் யானை வரத் தொடங்கிவிடும். அவனுடைய அப்பா தன் பழைய சட்டையை வைக்கோல் அடைத்து நட்டு, மேலே சட்டியைக் கவிழ்த்துச் சுண்ணாம்பால் கண் வைத்திருந்தாராம். முதல் இரவு வந்த யானை வெருளியைத் துதிக்கையால் பிடுங்கி, சட்டையை உதறிப் பார்த்துவிட்டு, மிதித்துக்கொண்டு போய்விட்டது. யானை வெடி கொளுத்தியும் போகவில்லை. காலையில் சட்டி உடைந்து கிடந்தது, சட்டை வரம்பில் கிடந்தது. அம்மா அந்தச் சட்டையைக் கண்டு, அப்பாவுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று குழறினாராம். அப்பா வாடியில் இருந்து ஓடி வந்து, "நான் இங்கே நிற்கிறேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

இதைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. எனக்கு உடல் சிலிர்த்தது. கத்தரித் தோட்டத்துச் சேவகனுக்கு நரி பயப்படும் என்று எழுதிய புலவரின் உலகத்தில் யானை இல்லை. நவாலியில் யானைக்கு என்ன வேலை? எங்கள் வெருளி நிற்பது வேறொரு இரவில். அதற்கு ஒரு பாட்டு வேண்டும். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அப்பாவுக்குப் பதிலாக யானையின் முன்னால் நிற்கிற ஒருவனைப் பற்றிய பாட்டு. வரம்பும் வாய்க்காலும், நெல் மிதிக்கிற களவெட்டியும், கதிர்க் குவியலான சூடும் வருகிற பாட்டு. அந்தப் பையன் அதைச் சொன்ன மாதிரியே, ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வருகிறதாக. நான் பிள்ளையாக இருந்தபோது எனக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. வயல்வெளியாகிய வட்டைக்குள் ஓடித் திரிந்துவிட்டு வந்து, பாடப்புத்தகத்தில் கத்தரித் தோட்டத்தைப் படித்தேன். படித்ததில் குறையில்லை. வட்டையும் ஒரு பாட்டில் வரலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

நம் பக்கத்தில் இருந்தவை

நம்மிடம் புலவர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சோமசுந்தரப் புலவர் நவாலியில் இருந்த அதே காலத்தில், 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில், காரைதீவில் பிறந்த மயில்வாகனனார் நவாலிக்கு அடுத்த மானிப்பாயில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தார். பிற்பாடு துறவு பூண்டு விபுலாநந்த அடிகளானார். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். வாழ்நாளின் பெரும் உழைப்பை யாழ் நூலில் கொட்டி, அது வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். மண்டூரில் பிறந்த புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை பகவத்கீதையை வெண்பாவில் தந்தார். எல்லாம் மலை போன்ற வேலைகள். பள்ளிக்கூடங்களைக் கட்டி எழுப்பி ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்த அடிகளைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தலைமுறையில் நம் பக்கத்துப் பெரிய கைகள் பெரிய பொருளையே எடுத்தன. சிலேடை வெண்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரித் தோட்டத்துக்குப் போகிற காரியத்தை நவாலிப் புலவர் செய்தார். அதற்கு வேறு விதமான துணிவு வேண்டும் என்பது என் எண்ணம்.

பின்னால் வந்தவர்களில் மஞ்சந்தொடுவாய் மாஸ்டர் சிவலிங்கம் அந்த வழியால் போனார். 1933இல் பிறந்து 2022இல் மறையும் வரை கதை சொல்வதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். அவர் கதை சொன்ன மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் நரியையும் குதிரையையும் காதால் கேட்டார்கள், அவருடைய முகத்தில் பார்த்தார்கள். அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று தாத்தா பாட்டியாகிவிட்டார்கள். ஆனால் குரலும் முகமும் சேர்ந்த கலை, அவரோடு ஒரு பங்கு போய்விட்டது. புத்தகத்தில் இருப்பது மிச்சப் பங்கு.

இன்னும் பின்னால் போனால் வசந்தன் இருக்கிறது. கோலைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டமாய்ச் சுற்றி ஆடுகிற அந்தப் பிள்ளைகளின் பாட்டில், அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஏற்ப, அனுமனும் வருகிறான், குயிலும் வருகிறது, வெள்ளாமையும் வருகிறது. ஆடுபவர்கள் சிறுவர்கள், ஆனால் பாட்டு பெரியவர்கள் கட்டியது. இருந்தாலும் நம் பிள்ளைகளின் வாயில் நம் மண் ஏறியது அங்கேதான். அதைத் திரட்டி 1940இல் வசந்தன் கவித்திரட்டு என்று அச்சில் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்துக் கல்வி அதிகாரி தி. சதாசிவ ஐயர். இதை எங்கள் ஆசிரியரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்குத் தெரிந்த செய்திதான். யாழ்ப்பாணத்தார் ஒருவர் நம் பாட்டைத் தேடி எடுத்து வைத்தார், யாழ்ப்பாணத்தார் இன்னொருவரின் பாட்டை நாம் வேண்டாம் என்கிறோமா என்று நான் கேட்காமலே அவருக்கு விளங்கியிருக்கும்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அது நல்ல பாட்டு, தங்கச்சி. அது அவ்வளவு நல்ல பாட்டாக இருப்பதுதான் என் வயிற்றெரிச்சல். நாற்பது வருடம் அதைப் படிப்பித்தேன். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் இதே சந்தோஷத்தோடு பாடும். நம்முடையது என்று எடுத்துக் கொடுக்க என் கையில் ஒன்று இருந்திருந்தால் நான் இப்படிப் பேசுவேனா?" அவர் தன் எதிர்ப்பை விடவில்லை, விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. பாட்டு நிகழ்ச்சியில் இருக்கிறது. பலாவிலையும் இருக்கும். பக்கத்து ஊர்ப் பெண்தான் அகப்பைக் கண்ணியைப் பாடப் போகிறாள்.

அன்றைக்குப் பேச்சு முடிந்து எழும்பும்போது, ஆசிரியர் தான் சின்ன வயதில் வயலில் குருவிக் காவலுக்குப் போனபோது அக்காமார் தகரம் தட்டிக்கொண்டு பாடிய ஒன்றைச் சொன்னார். நடுவில் இரண்டு அடி மறந்துவிட்டது. அக்காமார் இப்போது இல்லை. அங்கிருந்த எவருக்கும் அந்தப் பாட்டு தெரியவில்லை. சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாட்டுகள்கூட அவர் மறைந்த பிறகுதான் சிறுவர் செந்தமிழ் என்ற நூலாக ஒரே இடத்துக்கு வந்தன. யாரோ சிலர் மினக்கெட்டுத் தேடிச் சேர்த்தபடியால் பாடப்புத்தகத்துக்கு வந்து, நாவிதன்வெளி வரை வந்தன.

ஆகவே இதை வாசிக்கும் நம் பக்கத்தவர்களிடம் கேட்கிறேன். பொத்துவில் தொடக்கம் வாகரை வரை, தமிழ் ஊரோ முஸ்லிம் ஊரோ, உங்கள் வீட்டு வயதானவர்களிடம் இந்த ஆடிக்குள் ஒரு தடவை உட்காருங்கள். குருவி கலைக்கும்போது பாடியது, சூடு மிதிக்கும்போது பிள்ளைகள் கூடப் பாடியது, ஊஞ்சலில் பாடியது, நோன்பு காலத்தில் பாடியது, தம்பியை நித்திரையாக்கப் பாடியது, எதுவானாலும் சரி. கைபேசியில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள். அரைகுறையாக நினைவிருந்தாலும் பதியுங்கள். விட்ட அடி இன்னொரு ஊரில் கிடைக்கும். பாடியவர் எந்த ஊர், யாரிடம் கேட்டுப் படித்தார், எந்த வேலை செய்யும்போது பாடினார் என்ற மூன்றையும் கட்டாயம் எழுதி வையுங்கள். திருத்த வேண்டாம், கொச்சை என்று எந்தச் சொல்லையும் மாற்ற வேண்டாம். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள், அவர்கள் கேட்கிற கேள்வியும் பதிவில் இருக்கட்டும். யானை வெருளியைப் பிடுங்கிய கதை சொன்ன பையன் தன் பாட்டியிடம் ஏற்கெனவே தொடங்கிவிட்டான்.